தண்டு தந்த பெயர்

புறநானூற்றின் 191ஆம் பாட்டைக் கற்பிக்காத தமிழாசிரியர் இரார். வயது முதிர்ந்தும் நரை தோன்றாதது எப்படி என்று வினவியவர்களுக்குப் பிசிராந்தையார் அளித்த விடை அது. நற்குணம் வாய்ந்த மனைவி, கல்வியிற் சிறந்த மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், நெறி தவறாத அரசன், எல்லாவற்றுக்கும் மேலாக ஊரிலே வாழும் சான்றோர். முதுமையிலே மனநிறைவு வேண்டுவோர்க்கு இப்பாட்டையே எடுத்துக் காட்டுவது எம்மவர் வழக்கம்.

எனக்கு இதிலே ஓர் ஐயம். புலவர் அடுக்கிய காரணங்கள் யாவும் வெளியிலிருந்து வாய்த்தவை. வாய்க்காதவன் என் செய்வான்? துணையை இழந்தவனுக்கும், மக்கள் கடல் கடந்தபின் வெறும் வீட்டைக் காவல் காப்பவனுக்கும் கசப்புத்தான் பங்கோ?

ஆகவேதான் 243ஆம் பாட்டை நாடுகிறேன். அங்கே ஒரு கிழவர் தம் இளமையை எண்ணுகிறார். மணற்பாவைக்குப் பூச்சூட்டியது, மகளிரோடு கைகோத்து நீராடியது, கரையில் நின்றோர் திகைக்க மருதமரக் கிளையிலிருந்து குதித்து மடுவின் அடியிலிருந்து மணலை அள்ளிவந்து காட்டியது எல்லாம் நினைவுக்கு வருகின்றன. இப்பொழுதோ கையிலே பூணிட்ட தண்டு, உடலிலே நடுக்கம், இருமலுக்கிடையே சில சொற்கள்.

இப்பாட்டுக்குக் கையறுநிலை என்று துறை வகுத்துள்ளனர். இறந்தவர்க்கு இரங்கும் துறை அது. இங்கே இறந்தது இளமை. வெறும் புலம்பல் என்று இதனை ஒதுக்குவோரோடு நான் உடன்படேன். கிழவர் இரங்குகிறார், உண்மை. ஆனால் எவர்மீதும் பழி சுமத்தவில்லை. இன்று அதே மடுவிலே குதிக்கும் சிறுவரைக் கடிந்து ஒரு சொல்லும் இல்லை. 'எங்கள் காலத்திலே' என்று தொடங்கி இளையோரை இடித்துரைக்கும் கலையிலே வல்லவர்களாகிய ஆசிரியர்கள் (யானும் அவர்களுள் ஒருவன்) இதனைக் கவனிக்க வேண்டும். இரக்கம் வேறு, காழ்ப்பு வேறு. இழந்ததை இழந்தேன் என்று சொல்ல அஞ்சும் மனநிறைவு வெறும் பாசாங்கே.

அப்புலவரின் இயற்பெயர் எமக்குக் கிடைக்கவில்லை. பாட்டிலே அவர் ஊன்றிய தண்டே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் எனப்பட்டார். இன்னொருவர் மறைக்க விரும்பும் கைத்தடி இவருக்கு முகவரியாயிற்று.

பிசிராந்தையாரையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. அத்தனை நிறைவையும் ஊரிலே விட்டுவந்து, கேள்வியால் மட்டுமே அறிந்த நண்பன் கோப்பெருஞ்சோழனுக்காகத் தாமும் வடக்கிருந்து உயிர் நீத்தவர் அவர். வகுப்பிலே 191ஆம் பாட்டோடு இச்செய்தியையும் சேர்த்துச் சொல்லாவிடின், வசதியுள்ள ஒருவரின் பெருமைப் பேச்சாகவே அது மாணாக்கர் செவியில் விழும்.