பாரம் யார் மேல்?



நூறு வருஷத்துக்கு முந்தைய பெல்ஜியம் நாட்டு அஞ்சலட்டைகளைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பளபளக்கும் பால் குடங்கள் ஏற்றிய சின்ன வண்டி, அதை இழுக்கும் நாய், பக்கத்தில் பால்காரப் பெண். பார்க்க அழகுதான். 1914 போரில் அங்கே நாய்கள் இயந்திரத் துப்பாக்கியும் இழுத்தன. லண்டனிலோ 1839-லேயே நாய் வண்டிக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்துவிட்டார்கள்.

அழகை ரசிக்கும்போதே பாரம் யார் மேல் என்றும் பார்க்க வேண்டும். நம்ம காஞ்சிபுரத்துக்கும் இது பொருந்தும்.

கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. நெய்பவர் ஒருவரால் ஆகாது. மறுபக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். பல காலம் அது சின்னப் பிள்ளைகளின் கை. என் வகுப்பில் தூங்கி வழிந்த அந்த முகங்களை நான் மறக்கவில்லை.

2016 சட்டத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. ஆனால் பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வழியும் விட்டது. அதை அடைக்க வேண்டும். தடை மட்டும் போதாது. துணைக்குப் பெரியவர் ஒருவரை வைத்துக் கூலி கொடுக்க நெசவாளிக்குக் கட்டுபடியாக வேண்டும்.

கல்யாணத்துக்குக் கோர்வைப் பட்டு எடுக்கும்போது அடித்துப் பேரம் பேசாதீர்கள். அந்த விலையில்தான் இரண்டாவது கைக்கும் கூலி வர வேண்டும்.