கிளாஸா, ஃபங்ஷனா? ரெண்டும்தான்!

‘நிந்தவூர்’ என்ற சொல்லைப் பைத்தானிடம் குடுத்து நீளம் கேட்டுப் பாருங்க. 9 என்று சொல்லும். நமக்கு அது 5 எழுத்து. யுனிகோட்டில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியா எண்ணப்படுது.

எழுத்துப் பிரிக்கிற வேலைக்கு கிளாஸ் தேவையில்ல. ஒரு ஃபங்ஷன் போதும்: ஒரே சொல்லுக்கு எப்பவும் ஒரே விடை, வெளியில எதையும் மாத்தாது, தனியா சோதிக்கலாம். ஆனா நம்மட ஊர்ச்சொற்களைத் திரட்டி, பொருளும் திருத்தங்களும் சேர்த்து வைக்கிற அகராதிக்கு ஒப்ஜெக்ட்தான் வசதி. மாறுகிற தகவல் ஒரே இடத்தில் இருக்கும்.

பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2005இல் மேப், ஃபில்டர், லேம்டாவை நீக்க நினைச்சார். அவை இன்றும் இருக்கு.

கலைப்பீடத்து நமக்குப் பாணிச் சண்டை எதுக்கு? நம்மட பேச்சைத் தொகுக்க ரெண்டையும் எடுப்போம்.