நிலமும் பொழுதும் போதுமா?

கோடை விடுமுறையில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி மலைப்பாதையில் ஏறி, வண்டிப்பெரியாறு வழியாகப் பீர்மேட்டிற்குச் செல்வோரில் பலர் ஒரு செயலைத் தவறாமல் செய்கின்றனர். வண்டியை ஓரமாக நிறுத்தி, கைப்பேசியை எடுத்துத் தேயிலைச் சரிவுகளைப் படம்பிடிக்கின்றனர். பருந்தும்பாறையிலும் பாஞ்சாலிமேட்டிலும் வாகமண் புல்மேடுகளிலும் இதே காட்சிதான். மூடுபனி விலகும் நொடிக்காகக் காத்திருக்கின்றனர். குறுக்கே யாரேனும் நடந்தால், அவர் கடந்து செல்லும்வரை பொறுத்திருக்கின்றனர். ஆளில்லாத மலையே அழகிய மலை என்பது அவர்களுடைய எண்ணம். அது சரிதானா என்று நாம் சிந்திக்க வேண்டும்.

ஒளிப்படம் எடுத்தல் இன்று கலைஞர்களுக்கு மட்டும் உரியதன்று. முன்பு திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் மட்டுமே ஒளிப்படக்காரரை அழைப்பர். ஒரு படச்சுருளில் 36 படங்களே எடுக்க இயலும் என்பதால், ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி எடுப்பர். இன்றோ பள்ளி மாணவர் ஒருவர் ஒரே மாலைப் பொழுதில் 100 படங்களை எடுத்துவிடலாம். எடுப்பது எளிதாகிவிட்டது. எதை எடுப்பது என்னும் கேள்விதான் எஞ்சி நிற்கிறது.

இக்கேள்விக்கு நம் இலக்கண மரபிலேயே விடை இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தை வெறும் மண்ணாகவும் மலையாகவும் பார்க்கவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்திற்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன கருப்பொருள். அங்கு வாழும் மக்களின் உள்ளத்து ஒழுக்கமே உரிப்பொருள். இம்மூன்றும் கூடியதே திணை. இயற்கைக் காட்சியைப் படம்பிடிப்போர் நல்ல இடத்தையும் நல்ல ஒளியையும் தேடுகின்றனர். இடம் என்பது நிலம். ஒளி என்பது பொழுது. எனவே, அவர்களுடைய படங்கள் பெரும்பாலும் முதற்பொருளோடு நின்றுவிடுகின்றன. தொழிலும் அதைச் செய்யும் மக்களும் சட்டகத்திற்கு வெளியே நிற்கின்றனர்.

தேயிலைச் சரிவின் அழகு தானாகத் தோன்றியதன்று. தேயிலைச் செடியைத் தன்போக்கில் வளரவிட்டால் அது மரமாக உயர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்துச் செய்து, இடைவிடாது கொழுந்து எடுத்து வருவதால்தான் அது இடுப்பளவு உயரத்தில் பச்சைக் கம்பளம்போல் விரிந்து கிடக்கிறது. செடிகளுக்கு நடுவே கோடு கிழித்தாற்போல் தெரியும் தடங்கள், கொழுந்து எடுப்போர் நாள்தோறும் நடக்கும் பாதைகள். 19 ஆம் நூற்றாண்டில் இம்மலைகளில் தோட்டப்பயிர்கள் நடப்பட்டபோது, தமிழகத்துச் சமவெளி ஊர்களிலிருந்து மலையேறி வந்து காட்டைத் திருத்தியவர்களுள் பெரும்பாலோர் நம் முன்னோர். நாம் வியந்து படமெடுக்கும் காட்சியே அவர்களுடைய கைவேலைதான். வேலையைப் படத்தில் காட்டிவிட்டு வேலை செய்தவரை விலக்குவது, கோலத்தைப் போற்றிவிட்டுக் கோலமிட்டவரை மறப்பதற்கு ஒப்பாகும்.

இதில் அழகைவிடப் பெரிய செய்தி ஒன்றும் அடங்கியிருக்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகளுக்கு லயம் என்பது பெயர். தொழிலாளர்க்கு வீடு தருவது தோட்ட நிருவாகத்தின் கடமை என்று 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கூறியது. ஆயினும், அந்த வீடு தொழிலாளருக்குச் சொந்தமானதன்று. வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்ற குடும்பம் அதை விட்டு வெளியேற வேண்டும். 2000 ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேட்டுப் பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. பிழைப்புத் தேடிப் பல குடும்பங்கள் மலையிறங்கின. இவ்வாறு ஊர்விட்டு வந்தவர்களிடம் அந்த மண்ணுக்கு உரிய பட்டாவும் இல்லை; வீட்டுப் பத்திரமும் இல்லை. தாம் வாழ்ந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட அவர்களிடம் இருப்பது ஓரிரு ஒளிப்படங்களே. பலரிடம் அதுவும் இல்லை.

இதே இடுக்கி மாவட்டத்தில், மூணாறை அடுத்த பெட்டிமுடியில், 2020 ஆகஸ்டு 6 ஆம் நாள் இரவு பெருமழையால் ஏற்பட்ட நிலச்சரிவு லயங்களை மூடியது. 70 பேரை நாம் இழந்தோம். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். மலை மீண்டும் பசுமையாகும். அதைப் படமெடுக்கப் பயணிகள் மீண்டும் வருவர். மறைந்தவர்களின் முகங்களோ யாரேனும் முன்பே எடுத்து வைத்திருந்தால்தான் நமக்குக் கிடைக்கும்.

மாணவர்களே! இவ்விடத்தில் நீங்கள் இரண்டு மறுப்புகளைக் கூறக்கூடும். "இயற்கையை இயற்கைக்காகவே ரசித்தல் தவறா?" என்பது முதல் மறுப்பு. தவறன்று. மூடுபனியும் மலையும் எவருக்கும் இன்பம் தருவன. ஆனால், எடுத்த 100 படங்களிலும் ஒரு மனிதர்கூட இல்லையென்றால், பார்த்தது போதவில்லை என்றுதான் பொருள். "உழைப்போரைப் படமெடுத்தல் அவர்களைக் காட்சிப்பொருளாக ஆக்காதா?" என்பது இரண்டாம் மறுப்பு. இது நியாயமான அச்சமே. கொழுந்துக் கூடையுடன் நிற்கும் பெண்ணைக் கேளாமல் எடுத்துச் செல்வது படமன்று, பறிப்பு. "உங்களைப் படம் எடுக்கலாமா, அம்மா?" என்று கேட்டுப் பெயரும் ஊரும் அறிந்து எடுத்தால் அவர் காட்சிப்பொருள் அல்லர், அப்படத்தின் உரிமையாளருள் ஒருவர். அவர் மறுத்தால் கருவியைத் தாழ்த்திவிட வேண்டும்.

இவ்வாறு எடுப்பது இயலக்கூடியதே என்பதற்கு மதுரையைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் எம். பழனிக்குமார் சான்றாவார். மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்த தாயின் மகன் அவர். கடன்பட்டு வாங்கிய கருவியால் தம் தாயையும், தூய்மைப் பணியாளர்களையும், கடலில் பாசி எடுக்கும் பெண்களையும் படமெடுத்தார். 2022 ஆம் ஆண்டில் தயானிதா சிங் பெயரிலான ஆவண ஒளிப்பட விருதை முதன்முதலில் பெற்றவர் அவரே. அவர் தொலைதூரக் காட்சிகளைத் தேடிப் புறப்படவில்லை. தம்மைச் சூழ்ந்த வாழ்க்கையிலிருந்தே தொடங்கினார்.

உங்களுள் பலர் பெற்றோரின் பணியின்பொருட்டு வேற்று மாநிலங்களில் வளர்கிறீர்கள். தாத்தா பாட்டியின் ஊர், மலையாயினும் சமவெளியாயினும், உங்களுக்கு ஆண்டிற்குச் சில நாட்களே வாய்க்கிறது. அடுத்த முறை செல்லும்போது முதலில் மலையை எடுங்கள். பிறகு திரும்பி நின்று, பாட்டி சமைக்கும் அடுப்படியை எடுங்கள். தாத்தா வேலைக்குச் சென்ற பாதையை எடுங்கள். அவர்கள் கைகளை எடுங்கள். எடுத்தவற்றுள் சிறந்த பத்தையேனும் அச்சிட்டு, ஒவ்வொன்றின் பின்புறமும் யார், எங்கே, எந்நாள், என்ன செய்கிறார் என்று தமிழில் எழுதுங்கள். கைப்பேசி பழுதானால் அதிலுள்ள படங்கள் போகலாம். பெயர் எழுதாத படமோ இரண்டு தலைமுறையில் அயலார் படமாகிவிடும்.

நிலமும் பொழுதும் எந்தப் பயணிக்கும் கிடைக்கும். அந்நிலத்தில் வாழ்ந்தவர்களின் பெயர்களைச் சொல்ல உங்களால்தான் முடியும். அவற்றைக் கேட்டறியும் காலம் அவர்கள் நம்மோடு இருக்கும் இக்காலமே.