ஆளில்லாத எஞ்சின்

முப்பது வயது கடந்த ஒரு தோட்டக் கிராணி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புல்தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு முழ நீளமுள்ள நீராவி எஞ்சினைப் போட்டோ பிடித்துக்கொண்டிருந்தால் ஊர் என்ன சொல்லும்? எங்கள் பாலிக் புலாவ் என்ன சொல்லிற்று என்பதை நானறிவேன். "இங்கிலீஷ் படித்ததன் பலன் இதுதான்" என்றார் கோப்பிக் கடையில் ஒரு பெரியவர். "துரைமார் போய்விட்டார்கள், துரைமாருடைய விளையாட்டு மட்டும் போகவில்லை" என்றார் மற்றொருவர். "அந்தப் பணத்தில் லயத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கித் தரலாகாதா?" என்றார் மூன்றாமவர்.

முதலிரண்டையும் பேச்சென்று தள்ளிவிடலாம். மூன்றாவதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால், பதில் சொல்ல உட்கார்ந்த பின்புதான், என் கட்சிக்காரர்களாகிய எஞ்சின் பிரியர்களும் குற்றத்துக்குத் தப்பினவர்களல்லர் என்று கண்டேன். ஆகவே, இரு தரத்தாரும் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

இது துரைமார் விளையாட்டு என்பது மெய்யா? பொம்மை ரயில் வியாபாரம் ஐரோப்பாவில் வளர்ந்தது மெய். லிவர்பூலில் பிராங்க் ஹார்ன்பி என்பவர் 1920-இல் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஜெர்மனியின் நூரம்பர்க் நகரிலிருந்து 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெரிய அளவு ரயில் வந்தது. அதன் தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர். மீட்டர் பாதை ரயிலை இருபத்திரண்டரையில் ஒரு பங்காகக் குறைத்தால் வருகிற அளவு அது. மலாயாவின் பாதையும் மீட்டர் பாதையே. ஆக, அந்த 45 மில்லிமீட்டரில் நிற்கிற எஞ்சின் துரை வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு சொந்தமோ, நமக்கு அதைவிடச் சொந்தம். இந்நாட்டின் முதல் இருப்புப்பாதை, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர், 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி திறக்கப்பட்டது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக அது போடப்பட்டது. 1909-இல் பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை பாதை ஒன்றாயிற்று. அந்தத் தூரம் முழுவதிலும் மண் வெட்டினவர்களிலும், சிலிப்பர்க்கட்டை சுமந்தவர்களிலும், சம்மட்டி பிடித்தவர்களிலும் நம்மவர் எத்தனை பேர் என்பதை யாருக்கும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

பாலிக் புலாவுக்கு ரயில் வந்ததேயில்லை. மலைக்குப் பின்புறம் கிடக்கும் ஊர் இது. ஜார்ஜ் டவுனுக்கும் ரயில் வரவில்லை. ஆனால் அங்கே கடிகாரக் கோபுரத்தோடு ரயில்வேக் கட்டடம் ஒன்று எழுந்தது. தண்டவாளமில்லாத ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கி, படகேறிப் பிறைக்குப் போய், அங்கே வண்டி ஏறினார்கள் ஜனங்கள். அப்படியிருக்க, ரயில் காணாத ஊரில் பிறந்தவனுக்கு ரயில்மீது ஆசை பிறந்தது ஓர் அதிசயமா? இல்லாத பொருளின்மீதுதானே ஆசை அதிகம்!

இது நிற்க, புத்தகக் கேள்விக்கு வருவோம். என் எஞ்சினைப் பட்டணத்தில் ஒருவரிடமிருந்து, அவர் ஓட்டிப் பழகிய பின், மூன்று வருஷம் சேர்த்த பணத்தில் வாங்கினேன். அது மின்சாரத்தில் ஓடுவதன்று. ஸ்பிரிட் விளக்கில் தண்ணீர் கொதித்து, ஆவியில் ஓடுவது. லயத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்க அதைக் கொதிக்கவைத்துப் பாருங்கள். கொதித்த தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்குமேல் இடம் கேட்கிறது. இடம் கொடாமல் அடைத்தால் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலைப் பிஸ்டன் ஏற்கிறது. பிஸ்டன் போய்வருவதைச் சக்கரம் சுழற்சியாக மாற்றிக்கொள்கிறது. பெரிய எஞ்சினிலோ, வேலை முடிந்த ஆவி புகைபோக்கி வழியாகச் சீறிப் போகும்போது அடுப்புக்குள் காற்றை இழுக்கிறது. கடினமாக உழைக்க உழைக்க நெருப்பும் கடுமையாக எரிகிறது. கொதிகலத்தில் தண்ணீர் குறைந்தால் ஆபத்து என்பதையும், பாதுகாப்பு வால்வு ஏனிருக்கிறதென்பதையும், சூடான இரும்பைத் தொடலாகாதென்பதையும் ஒரே காலைப்பொழுதில் பிள்ளை கற்றுக்கொள்கிறது. இதுவும் ஒரு புத்தகமன்றோ? மனப்பாடம் செய்ய முடியாத புத்தகம் என்பது ஒன்றே வித்தியாசம்.

நம் சமூகத்துக்கு இயந்திரத்தின்மீது மரியாதை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆயுத பூஜையன்று லாரிக்கும், பால் ஆலைக்கும், புல்வெட்டும் மெஷினுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைக்கின்றோம். வைப்பவரை நான் தடுக்க வரவில்லை. சந்தனம் பூசிய அதே கை, மறுநாள் அதன் மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கட்டும் என்றுதான் கேட்கின்றேன். கும்பிட்டவன் கூலியாகவே இருக்க, திறந்து பார்த்தவன் முதலாளியானது உலக சரித்திரம். திறந்து பார்க்க நம்மால் முடியாதா? நீலகிரி மலை ரயிலுக்கு ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து எஞ்சின் வாங்கின காலம் ஒன்று. திருச்சிராப்பள்ளிப் பொன்மலைத் தொழிற்சாலையிலேயே அம்மலைக்குப் புதிய நீராவி எஞ்சின் செய்து 2011-இல் வெளிவிட்ட காலம் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் நடந்தது கும்பிடுதலன்று, கற்றல்.

இவ்வளவும் என் பக்கத்து வழக்கு. இனி என் கட்சிக்காரர்மீது வழக்கு.

சிறு எஞ்சினைப் போட்டோ பிடிப்பதில் ஒரு வித்தையுண்டு. நின்றபடி மேலிருந்து பிடித்தால் அது பொம்மையாகவே தெரியும். காமிராவைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்க வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் இந்த அளவில் 73 மில்லிமீட்டர்தான். அவன் கண் எங்கே இருக்குமோ அங்கே காமிராவின் கண் இருக்கவேண்டும். அப்போது எஞ்சின் மலைபோல் எழுந்து நிற்கும். ஆவி என்பது கண்ணுக்குத் தெரியாதது. குளிர்ந்து நுண்ணிய நீர்த்துளியான பின்பே வெண்மையாய்த் தெரிகிறது. நம் நாட்டு வெயிலில் அது கணத்தில் மறைந்துவிடும். ஆகவேதான் விடியற்காலையில் புல்லில் கிடக்கிறேன். பாலிக் புலாவில் மலையிறங்கும் பனி நீங்குமுன் அரைமணி நேரம் கிடைக்கும். அந்த அரைமணியில் பிடித்த படமொன்று நன்றாக அமைந்தது. அதை என் பாட்டனாரிடம் காட்டினேன். அப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. படத்தை முகத்தருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "எல்லாம் நன்றாய்த்தான் இருக்கிறதப்பா, ஆளைக் காணோமே?" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் சொல்ல அவருக்குத் தேவையிருக்கவில்லை. அவருடைய தகப்பனார் 1943-இல் அக்கரைத் தோட்டமொன்றிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர்.

சயாம் மரண ரயிலைப்பற்றி நம் வீடுகளில் அறியாதாரில்லை. ஆனால் அறிந்தது எவ்வளவு? ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த அந்தப் பாதை 415 கிலோமீட்டர். மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைப் பெயர்த்து அங்கே கொண்டுபோனார்கள். தண்டவாளத்தோடு ஆளையும் கொண்டுபோனார்கள். மலாயாவிலிருந்து மட்டும் சென்றவர் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்; அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மதிப்பீடுகள் வேறுபட்டாலும், அங்கே மடிந்த ஆசியத் தொழிலாளர் தொகை யுத்தக் கைதிகளில் மடிந்த பன்னீராயிரத்துச் சொச்சம் பேரைப் போலப் பல மடங்கு என்பதில் அபிப்பிராய பேதமில்லை. காஞ்சனபுரி யுத்தக் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கற்கள் உள்ளன. பெயரும், படையும், வயதும் பொறித்திருக்கின்றனர். அது நியாயமே. நம்மவருக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்வரிசை எங்கே?

அந்தப் பாதையில் ஓட்டுவதற்கு ஜப்பானிலிருந்து சி-56 என்ற வகை எஞ்சின்கள் தென்னாடுகளுக்கு வந்தன. தொண்ணூறு எஞ்சின்கள், 1067 மில்லிமீட்டர்ப் பாதைக்குச் செய்தவற்றை மீட்டர் பாதைக்கு ஒடுக்கி அனுப்பினார்கள். பாதைத் திறப்பு விழாவில் ஓடிய சி-5631 என்பது 1979-இல் ஜப்பானுக்குத் திரும்பி, இன்று டோக்கியோவின் யூஷூகான் காட்சிசாலையில் கறுப்பு மினுக்கோடு நிற்கிறது. எஞ்சின் வீடு திரும்பிவிட்டது! அந்த சி-56 வகையின் சிற்றுருவும் 9 மில்லிமீட்டர்த் தண்டவாளத்தில் ஓடும்படி அழகான பெட்டியில் விற்கப்படுகிறது. விற்பவரை நான் நோகவில்லை. வாங்கி ஓட்டுகிற நம்மைக் கேட்கின்றேன்.

எஞ்சின் பிரியர்கள் சத்தியவந்தர்கள் என்று பெயர் வாங்கினவர்கள். கொதிகலத்தின் மேல் ஓர் ஆணித்தலை குறைந்தால், "இது மெய்யான மாதிரியன்று" என்று பொங்குவார்கள். 1938 முதல் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் தொழிற்சாலை மலாயாவுக்குச் செய்த எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர் என்பதை நித்திரையிலும் சொல்வார்கள். அவற்றுள் ஒன்றுக்குத் தெமெர்லோ என்று ஊர்ப்பெயர் சூட்டப்பட்டதையும் சொல்வார்கள். அதற்குத் தீ மூட்டினவன் பெயர் என்ன? பாதை பார்த்த கேங்மேன் பெயர் என்ன? மௌனம். எஞ்சினுக்குப் பெயருண்டு; ஆளுக்கில்லை. ஓர் ஆணி குறைந்தால் பொய் என்கிறவர்கள், ஆயிரம் ஆள் குறைந்தால் அதைப் பொய்யென்று ஏன் சொல்வதில்லை?

"நாங்கள் அழகுக்காக வந்தோம், சாவை ஏன் நடுவே கொண்டுவருகிறீர்?" என்று அவர்கள் கேட்கலாம். ஐயா, கொண்டுவந்தவன் நானல்லன். அழகை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிட்டவர் நாம். எஞ்சினை ரசிப்பது குற்றமன்று. இன்றும் அதன் சீறல் கேட்டால் என் நெஞ்சு துள்ளுகிறது. ஆள் தெரியாதபடி ரசிப்பதே குற்றம்.

கிராணியாகிய நான் இன்னொன்றும் ஒப்புக்கொண்டாக வேண்டும். பெயர் எழுதுவது என் தொழில். செக்ரோலில் பெயர் எழுதினால் கூலியுண்டு, எழுதாவிட்டால் இல்லை. 1943-இல் தோட்டத்துக்கு இத்தனை ஆள் வேண்டுமென்று உத்தரவு வந்தபோது, இன்னார் இன்னார் போகவேண்டியதென்று பட்டியல் எழுதின பேனாக்களில் கிராணிகளின் பேனாவும் இருந்தது. அச்சத்தால் எழுதினார்கள் என்பர்; அது மெய்யாகவுமிருக்கலாம். ஆனால், அனுப்பும்போது எழுதப்பட்ட பெயர், திரும்பாதபோது எழுதப்படவில்லை. அந்தக் கடன் இந்த உத்தியோகத்தின்மீது இன்னும் நிற்கிறது.

ஆகவே நான் செய்வது இது. செய்யும்படி கேட்பதும் இதுவே. என் புல்தரைப் பாதையில் இப்போது ஆட்கள் நிற்கிறார்கள். செம்புக்கம்பியும் களிமண்ணும் துணியும் கொண்டு நானும் லயத்துப் பிள்ளைகளும் செய்த 73 மில்லிமீட்டர் மனிதர்கள். தலைப்பாகை கட்டியவன், கடப்பாரை பிடித்தவன், சும்மாடு வைத்துக் கூடை சுமக்கும் பெண். கடையில் விற்கிற பெட்டிகளில் தொப்பி வைத்த கார்டும் குடை பிடித்த சீமாட்டியும் கிடைப்பார்கள், இவர்கள் கிடைக்கமாட்டார்கள். ஆகையால் நாமேதான் செய்யவேண்டும். ஒவ்வொருவருக்கும் அடியில் ஒரு பெயர் எழுதியிருக்கிறோம். பிள்ளைகள் தத்தம் வீட்டில் விசாரித்துக் கொண்டுவந்த பெயர். சில வீடுகளில் பெயர் மறந்துபோயிற்று. அங்கே "பெரிய தாத்தா" என்றுமட்டும் எழுதினோம்.

பட்டணத்து நண்பர்களே, உங்கள் அலமாரியில் எஞ்சின் இருந்தால், பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். எஞ்சினில்லாத நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் செந்தூல் பட்டறையிலோ பாதையிலோ வேலை பார்த்த பெரியவர் படமிருந்தால், அதன் முதுகில் இன்றே பெயர் எழுதுங்கள். நாளைக்கு எழுதச் சொல்லித்தர ஆளிருக்கமாட்டார். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, அழைத்தால் எஞ்சினோடு வருகிறேன். கொதிகலத்தையும் காட்டுகிறேன், பெயர்களையும் படிக்கிறேன்.

புத்தகம் வாங்கித் தரலாகாதா என்று கேட்ட பெரியவருக்கும் இதுவே என் பதில். புத்தகமும் வாங்கித் தருவோம், ஐயா. ஆனால் இந்தப் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.