கடைசிச் சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமானால் புதுக்கோட்டையிலிருந்து அம்மா போன் செய்வாள். எவ்வளவு தூரம் போனேன், எத்தனை மணிக்குத் திரும்பினேன் என்பதெல்லாம் பிறகுதான். ஆறு வருடமாக அவளுடைய முதல் கேள்வி ஒன்றே ஒன்று: "பின்னாடி யாரு வந்தா?"

கூட்டமாகச் சைக்கிள் ஓட்டிப் பழகாதவர்களுக்கு இந்தக் கேள்வி விளங்காது. குழுவாகப் போகும்போது எல்லோருக்கும் கடைசியில் ஒருவர் வருவார். சென்னைக் குழுக்களில் அவரை 'ஸ்வீப்' என்பார்கள். எங்களுக்குள் 'வால்'. வாலுக்கு விதி ஒன்றுதான்: தனக்குப் பின்னால் நம் ஆள் யாரும் இருக்கக் கூடாது. ஒருவர் எவ்வளவு மெதுவாக மிதித்தாலும், பங்சர் ஆகி நின்றாலும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டாலும், வால் அவருக்குப் பின்னால்தான் நிற்பார். மாற்று டியூபும் பம்பும் முதலுதவிப் பையும் அவரிடம் இருக்கும். பொறுமையும் அவரிடம்தான் இருக்க வேண்டும்.

இந்த முறை குடியரசு நாள் திங்களில் வந்ததால் சேர்ந்தாற்போல் மூன்று நாள் கிடைத்தது. பூந்தமல்லியிலிருந்து வேலூர், மறுநாள் வேலூரிலிருந்து ஏலகிரி, மூன்றாம் நாள் மலையிறங்கி ஆம்பூரில் பிரியாணி, அங்கிருந்து வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு சென்னை. மொத்தம் பதினொரு பேர். புறப்படுவதற்கு முந்தைய இரவு, எங்களில் மூத்தவரிடமிருந்து செய்தி வந்தது. அவரை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். "நாளையிலேர்ந்து வால் நீங்கதாம்மா." அந்த ஒற்றை வரியைப் பலமுறை படித்தேன். வேகமாக ஓட்டுகிறாய் என்று அவர் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

விடிகாலை நாலரை மணி. தைப் பனி. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஏரிகள் வரும் பகுதியில் சாலையே தெரியவில்லை. எனக்கு முன்னால் பத்துச் சிவப்பு விளக்குகள் மட்டும் அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தன. வாலில் இருப்பவருக்கு மட்டுமே கிடைக்கிற காட்சி அது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். பத்து வரும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எண்ணுவேன். சுங்கச்சாவடி வரைக்கும் வேறெதையும் நான் நினைக்கவில்லை.

குழுவில் முன்னால் இருப்பவருக்குக் காற்று, கடைசியில் இருப்பவருக்கு லாரி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். இருபது கிலோமீட்டரில் போகும்போது தெரியாத காற்று, முப்பதில் மார்பில் கைவைத்துத் தள்ளும். முன்னால் இருப்பவர் அதைக் கிழித்துக்கொண்டு போனால், அவர் சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்குக் கால்பங்கு உழைப்பாவது மிச்சம். அதனால்தான் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் விலகிப் பின்னுக்கு வர, அடுத்தவர் முன்னேறுவார். ஒட்டி வருவதில் ஆபத்தும் உண்டு. என் முன்சக்கரம் உங்கள் பின்சக்கரத்தில் உரசினால் நீங்கள் போய்க்கொண்டே இருப்பீர்கள். விழுவது நான்.

ஆகவே குரல்தான் எங்களுக்குக் கண். முன்னால் இருப்பவர் "பள்ளம்!" என்பார், கை நீட்டிக் காட்டுவார். அடுத்தவர் அதையே சொல்வார். சித்தாள்கள் வரிசையில் நின்று செங்கல்லைக் கை மாற்றுவதைப்போல அந்தச் சொல் என்வரை வந்து சேரும். கண்ணாடிச் சில்லு, வேகத்தடை, ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி, எல்லாம் இப்படித்தான். பின்னாலிருந்து முன்னால் போகும் செய்தி ஒன்று உண்டு. அது வாலிடம்தான் தொடங்கும். "வண்டி!" என்று நான் கத்தினால் பத்துப் பேரும் ஒரு சாண் இடப்பக்கம் ஒதுங்குவார்கள். என் காதை நம்பி பத்துப் பேர் வருகிறார்கள் என்ற நினைப்பு முதல் ஒரு மணி நேரம் கழுத்தை இறுக்கியது உண்மை. எதிர்த்திசையில், அதுவும் இருட்டில் விளக்குப் போடாமல் வருகிற மோட்டார் சைக்கிள்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சுற்றிப்போக வேண்டிய இரண்டு கிலோமீட்டரை மிச்சப்படுத்த இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

வாலாஜாபேட்டை நெருங்கும்போது புதிதாக வந்த பெண்ணின் பின் டயர் இறங்கியது. வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆனவள், எங்களோடு அவளுக்கு இது நாலாவது பயணம். நெடுஞ்சாலைப் பங்சர்களில் பெரும்பாலும் குற்றவாளி ஒன்றுதான். வெடித்த லாரி டயருக்குள்ளிருந்து சிதறும் கம்பி. தலைமுடி கனம்தான் இருக்கும். டயரைக் குத்திக்கொண்டு உள்ளே ஒளிந்துகொள்ளும். அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் அடுத்த கிலோமீட்டரிலேயே அதுவும் போய்விடும். அவள் அவசர அவசரமாகப் புது டியூபைச் செருகப் போனாள். "இரும்மா, முதல்ல கம்பியத் தேடுவோம்" என்றேன். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் மெல்லத் துடைத்துக்கொண்டே போனால், கம்பி இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். மாட்டியது. நகவெட்டியால் பிடித்து இழுத்துக் கொடுத்தேன். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவ்ளோதானாக்கா?" என்றாள். மற்றவர்கள் ஒரு டீக்கடையில் காத்திருந்தார்கள். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குழுவில் நான் மிகவும் மதிக்கும் குணம் அதுதான்.

வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்தில் தங்கி, மறுநாள் காலை ஆம்பூர் வழியில் இறங்கினோம். இந்தச் சாலை கண்ணை ஏமாற்றும். பார்ப்பதற்குச் சமதளம். ஆனால் பாலாறு வருகிற திசையை நோக்கியல்லவா போகிறோம். வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரம், ஜோலார்பேட்டை சுமார் 400. எண்பது கிலோமீட்டர் சொச்சத்தில் அந்த ஏற்றம் பரவிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. மணலும் பல இடங்களில் இல்லை, கருவேலம்தான். புதியவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்க, அவளுக்குப் பின்னால் நானும் மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தேன். மெதுவாக மிதிக்கும்போதுதான் பழையது எல்லாம் நினைவுக்கு வருகிறது.

எனக்குப் பத்து வயது. 1990களின் தொடக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுத்தர வேண்டும் என்று முனைந்தார். அறிவொளித் தொண்டர்களாக இருந்த பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்தார். கல்லுடைக்கிற பெண்கள், செவிலியர், ஆசிரியைகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போய், ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே வாங்கினார்கள். முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே தேவலை என்று சொன்ன பெண்களும் உண்டு. பஸ்ஸுக்காக வெயிலில் நின்றவர்கள், புருஷனோ மகனோ கொண்டுபோய் விடுவதற்காகக் காத்திருந்தவர்கள், தாங்களே தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். சிறுமியாக இருந்ததால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியவில்லை. இன்றைக்கு நெடுஞ்சாலையில் ஒரு பெண் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையென்றால், அதற்குக் காரணம் அன்றைக்குச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிய அந்தப் பெண்கள்தான்.

அம்மா கற்றது அப்பாவின் சைக்கிளில். சாயந்திரம் பள்ளிக்கூட மைதானத்தில். நான் அப்போது குரங்குப் பெடலில் தெருவைச் சுற்றி வருவேன், அதனால் வீட்டில் விவரம் தெரிந்த ஆள் நான்தான். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது என் வேலை. "விட்டுடாத பாப்பா, விட்டுடாத பாப்பா" என்று சொல்லிக்கொண்டே மிதிப்பாள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, சட்டென்று அவளுக்கு வேகம் பிடித்தது. என்னால் ஓட முடியவில்லை. கேரியர் என் கையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மைதானத்தின் மறுகோடிவரை போய்த்தான் விழுந்தாள். முழங்காலில் ரத்தம். முப்பது வருடம் கழித்தும் அவள் கட்சி, நான் விட்டுவிட்டேன் என்பது. நான் விடவில்லை என்பது என் கட்சி. இன்னும் தீர்ப்பாகவில்லை.

பொன்னேரியில் மலைப்பாதை தொடங்குகிறது. ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெயர்ப்பலகை. புலவர்கள் பெயர்கள் ஒருபக்கம், கடையெழு வள்ளல்கள் பெயர்கள் ஒருபக்கம். யோசித்து வைத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மூச்சு முட்ட ஏறும்போது கண்ணில் படுவது சோப்பு விளம்பரமாக இல்லாமல் ஒரு வள்ளலின் பெயராக இருப்பது பெரிய ஆறுதல்.

இடப்பக்கம் திரும்பும் வளைவுகள்தான் கொடியவை. நாம் சாலையின் இடப்புறம் போவதால் வளைவின் உள்விளிம்பில் சிக்கிக்கொள்வோம். அங்கே சாலை சுவர்போல நிமிர்ந்து நிற்கும். வலப்பக்க வளைவில் வெளிவிளிம்பு நம்முடையது. ஏற்றம் அங்கே சற்று இளகும், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இது தெரியாமல்தான் ஆறு வருடம் முன்பு, இதே மலையில், என் முதல் ஏற்றத்தில் மாட்டிக்கொண்டேன். பாரியின் பெயர் போட்ட வளைவில் இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டன. இறங்கிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது.

அன்றைக்கு வால் அண்ணா. 200, 300, 400 என்று நெடுந்தூரப் பயணங்கள் முடித்து, 600 கிலோமீட்டரை நாற்பது மணி நேரக் கெடுவுக்குள் ஓட்டியவர். அவர் நினைத்திருந்தால் மேலே போய்க் காபி குடித்துவிட்டு இறங்கி வந்து, மறுபடியும் ஏறியிருக்கலாம். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கடலை மிட்டாயை உடைத்துப் பாதி கொடுத்தார். உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தார். "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார். புதுக்கோட்டை என்றதும் அறிவொளியைப் பற்றி அவரே பேச ஆரம்பித்தார். அம்மா கதையைச் சொன்னேன். கால்மணி நேரம் போயிருக்கும். ஏறிவிடலாம் என்றோ, இன்னும் கொஞ்சம்தான் என்றோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்னால் போனவர்கள் கத்திச் சொல்கிற "இன்னும் கொஞ்சம்தான்" மாதிரி சோர்வூட்டும் சொல் மலையில் வேறு கிடையாது. சொல்கிறவருக்குக் கொஞ்சம். கேட்கிறவருக்கு அது மலை. அன்று ராத்திரி அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளுடைய கேள்வி அடுத்த வாரத்திலிருந்து தொடங்கியது.

இந்த முறை புதியவள் ஆறேழு வளைவுவரை நன்றாகவே ஏறினாள். அப்புறம் சாலையின் குறுக்கே பாம்புபோல வளைந்து வளைந்து மிதித்தாள். ஏற்றத்தின் கூர்மையைக் குறைக்கக் கால் தானாகக் கண்டுபிடிக்கும் தந்திரம் அது. ஆனால் பின்னால் பஸ் வந்தால் பெரிய ஆபத்து. "வண்டி வருதும்மா, ஓரமா" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் இறங்கித் தள்ள ஆரம்பித்தாள். நானும் இறங்கினேன்.

"அக்கா, நீங்க போங்க. நான் மெதுவா வந்துடறேன்."

"எனக்குப் பின்னாடி ஆள் இருக்கக் கூடாதும்மா."

ஒன்றும் பேசாமல் தள்ளினோம். சைக்கிள் செருப்புகள் தாரில் டக் டக்கென்று சத்தம் போட்டன. கீழே ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு ரயில், எறும்பு வரிசை மாதிரி. ஒரு குரங்கு தடுப்புச் சுவரில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் நிதானமாகப் பார்த்தது. பையிலிருந்த கடலை மிட்டாயை எடுக்கவில்லை, குரங்குக்குப் பயந்துதான். இரண்டு வளைவு தள்ளியபின் உடைத்துக் கொடுத்தேன். தின்றுவிட்டு, ஒரு வலப்பக்க வளைவாகப் பார்த்து வெளிவிளிம்பில் ஏறி உட்காரச் சொன்னேன். நிற்கிற சைக்கிளில், ஏற்றத்தில், பெடலில் கால் பதிவது லேசில்லை. தடுமாறினாள். என்னையறியாமல் என் கை அவள் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்தது. இந்தச் சைக்கிள்களுக்குக் கேரியர் கிடையாது. நாலு அடி கூடவே ஓடினேன். அப்புறம் அவள் போய்விட்டாள்.

ஓடிப்போய் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவள் இரண்டு பனைமர தூரம் முன்னால் இருந்தாள்.

அத்தனாவூரில் ஒன்பது பேரும் சாலையோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாப்பிடப் போகவில்லை. அண்ணா எழுந்து வந்து முதலில் அவளுடைய சைக்கிளை வாங்கிக்கொண்டார், பிறகு என்னுடையதை.

ராத்திரி குளிர் நன்றாகவே இருந்தது. பக்கத்திலிருக்கும் ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வெளிச்ச மாசு குறைந்த மலைகள் இவை. மொட்டைமாடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றால் சென்னையில் பார்க்காத நட்சத்திரம் எல்லாம் தெரிந்தது. அப்போதுதான் போன் அடித்தது.

"பின்னாடி யாரு வந்தா?"

"நான்தாம்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. டி.வி.யின் ஒலியைக் குறைப்பது கேட்டது.

"விட்டுடலியே?"

"இல்லம்மா."

"கூட வந்த பொண்ணு சாப்பிட்டாளா?"

எட்டிப் பார்த்தேன். கீழே கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்க, அவள் மூன்றாவது தோசைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தாள்.