விதை மஞ்சளை விற்றுவிடாதீர்கள்



2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும், 2020இல் விலை எகிறியது. சம்மாந்துறையில் வளவில் மஞ்சள் வைத்திருந்த, கணவரை இழந்த ஒரு சகோதரி முழுவதையும் விற்றுவிட்டார். கடன் அடைந்தது. ஆனால் அடுத்த நடுகைக்கு விதை இல்லாமல் என்னிடம் வந்து நின்றார்.

இலை பழுத்துக் காய்ந்ததும் கிழங்கைக் கிண்டுங்கள். காயம்படாத, திரண்ட கிழங்குகளை முதலில் விதைக்கென ஒதுக்குங்கள். அவித்த மஞ்சள் முளைக்காது. மண்ணை உதறி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் காய்ந்த மணலிலோ உமியிலோ புதைத்து வையுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் வியர்த்து அழுகும். வாரம் ஒருமுறை பார்த்து, அழுகியதை அகற்றுங்கள்.

விற்றது இன்றைய செலவுக்கு. ஒதுக்கி வைத்ததே அடுத்த வருடக் கைமுதல்.