காற்றின் மீது பழி போடும் முன்னறிவிப்பு

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் முதல் வாரத்தில் வட இந்தியச் சமவெளியைப் பற்றி ஒரே வாக்கியம் எழுதப்படுகிறது: காற்றின் வேகம் குறைந்ததால் மாசு உயர்ந்தது. அரசு அறிக்கைகளிலும் நாளிதழ்களிலும் ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளிலும் இதற்கு நிலையான இடமுண்டு. இயற்பியலின்படி இதில் பிழை கிடையாது. பொறுப்பு என்ற கோணத்தில் பார்த்தால் இது தப்பித்தல். காற்றே எழுவாயாக அமர்ந்துவிட்டதும், தீ மூட்டப்பட்டதற்கான காரணங்கள் வாக்கியத்திலிருந்து வெளியேறிவிடுகின்றன.

இதே பருவத்தில் வேறொரு சமவெளியில் வானிலையாளர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்ப்பது பயன்தரும். அமெரிக்காவின் கன்சாஸ், ஒக்லஹோமா, நெப்ராஸ்கா மாநிலப் புல்வெளிகள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் உறைபனிபட்டுக் காய்ந்துவிடும். அப்போது குளிர்முகப்பு ஒன்று கடந்து சென்றால், வறண்ட பலத்த காற்று சிறு பொறியையும் மைல் கணக்கில் இழுத்துச் செல்லும். ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழிறங்கி, காற்று மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் நிலைத்து வீசும் என்று தெரிந்தால், அந்நாட்டுத் தேசிய வானிலைச் சேவை ‘செங்கொடி எச்சரிக்கை’ விடுக்கிறது. வரம்புகள் இடத்துக்கு இடம் மாறும், நோக்கம் மாறுவதில்லை. அந்த எச்சரிக்கை காற்றைப் பற்றித் தொடங்கி, மனிதர் செய்யக் கூடாதவற்றில் முடிகிறது: இன்று திறந்தவெளியில் எதையும் எரிக்காதீர். அங்கும் பெருந்தீ நிகழ்கிறது. எச்சரிக்கை மட்டும் எவரையும் காப்பாற்றிவிடாது. ஆயினும் அங்கே காற்றும் தீயும் ஒரே முன்னறிவிப்பின் இரண்டு பாதிகள்.

இந்தியச் சமவெளியில் முதல் பாதி மட்டுமே வளர்ந்திருக்கிறது. அந்தப் பாதி சிறப்பாகவே வளர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2018-இல் தொடங்கிய காற்றுத்தர முன்னெச்சரிக்கை அமைப்பு, தில்லிக்குச் சில நாள்கள் முன்னதாகவே நிலைமையைச் சொல்கிறது. அதன் அறிக்கைகளில் ‘காற்றோட்டக் குறியீடு’ என்ற எண் தவறாமல் இடம்பெறும். தரையை ஒட்டிய காற்று எவ்வளவு உயரம்வரை கலக்கிறது என்பதை, அந்த அடுக்கில் வீசும் காற்றின் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது அது. நொடிக்கு 6,000 சதுர மீட்டருக்குக் கீழே அக்குறியீடு இருந்து, சராசரிக் காற்றும் மணிக்கு 10 கிலோமீட்டரை எட்டாவிட்டால், மாசு கலைவதற்குச் சூழல் ஏற்றதன்று. நவம்பர் விடியற்காலையில் கலப்பு உயரம் 300 மீட்டர், காற்று நொடிக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் குறியீடு 600. தேவையானதில் பத்தில் ஒரு பங்கு.

ஆனால் இந்தச் சரிவு எதிர்பாராத விபத்தா? தென்மேற்குப் பருவக்காற்று விலகிய பிறகு காற்று தளர்வதும், தரை குளிர்ந்து கலப்பு அடுக்கு சுருங்குவதும் ஒவ்வோர் ஆண்டும் நடப்பவை. நாள்காட்டியில் எழுதிவைக்கத்தக்க ஒன்றை ‘பாதகமான வானிலை’ என்று ஆண்டுதோறும் அறிவிப்பது, மார்கழியில் குளிர்கிறது என்று வியப்பதைப் போன்றது.

தீயும் அவ்வாறே முன்கூட்டி அறியத்தக்கது. இங்கேதான் ஆய்வுலகத்தின் மெத்தனம் வெளிப்படுகிறது. புகை மாதிரிகள் பலவும் செயற்கைக்கோள் நேற்றும் இன்றும் கண்ட தீயையே நாளைய தீயாகவும் எடுத்துக்கொள்கின்றன. காட்டுத்தீக்கு அது தவிர்க்கவியலாத எளிமைப்படுத்தல். மின்னல் எங்கே விழும் என்று எவருக்கும் தெரியாது. பஞ்சாபின் நெல்வயல் காடன்று. அங்கே தீயின் தேதியை எழுதுவது பயிரும் சட்டமும் சந்தையும்.

நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் பஞ்சாபும் அரியானாவும் இயற்றிய சட்டங்கள் நெல் நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளின. அதனால் அறுவடை அக்டோபர் கடைசிக்கு நகர்ந்தது. அதாவது, காற்று தளரும் நாள்களுக்குள் நகர்ந்தது. நாற்றங்கால் முதல் அறுவடைவரை பூசா 44 இரகத்துக்கு ஏறத்தாழ 155 முதல் 160 நாள்கள் தேவை, பி.ஆர். 126 அதைவிட ஒரு மாதம் முன்னதாகவே முற்றிவிடும். கோதுமையை நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைத்தாக வேண்டும். தாமதித்தால் விளைச்சல் குறையும். இடையில் உழவருக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று வாரங்கள். அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற அடித்தாளை அந்த இடைவெளியில் அகற்ற மிக மலிவான கருவி தீக்குச்சி. தீ முதலில் அமிர்தசரஸ், தரன் தாரன் பகுதிகளில் செப்டம்பர் இறுதியிலேயே தோன்றி, பின்னர் தெற்கே சங்ரூர், பட்டிண்டா மாவட்டங்களுக்கு இறங்குவது ஆண்டுதோறும் காணப்படும் வரிசை. நடவுத் தேதியையும் இரகத்தையும் வட்டார வாரியாகச் சேர்த்துக் கணக்கிட்டால், அடுத்த வாரம் எங்கே தாள் எரியக்கூடும் என்று சொல்வது, அடுத்த வாரம் காற்று எவ்வாறு வீசும் என்று சொல்வதைவிடக் கடினமானதன்று.

முன்கூட்டிச் சொல்வதற்கு மாறாக, ஆய்வுலகமும் நிர்வாகமும் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருக்கின்றன. பஞ்சாபில் செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை பதிவான தீ நிகழ்வுகள் 2020-இல் 83,002, 2022-இல் 49,922, 2023-இல் 36,663, 2024-இல் 10,909. இந்த வீழ்ச்சி வெற்றியாக அறிவிக்கப்பட்டது. அதே 2024 நவம்பர் 18 அன்று தில்லியின் காற்றுத்தரக் குறியீடு 490-ஐக் கடந்தது. அடிப்படை எண்ணிக்கையைத் தரும் செயற்கைக்கோள்கள் பகலில் ஏறத்தாழ ஒன்றரை மணிக்குச் சமவெளியைக் கடப்பவை. மாலையில் மூட்டிய தீ அவற்றின் கண்ணில் படாது. புவியுடன் இணைந்து சுழலும் தென்கொரியச் செயற்கைக்கோளின் படங்களில் பிற்பகலுக்குப் பிந்தைய புகை தெரிகிறது என்பது அந்தப் பருவத்திலேயே சுட்டிக்காட்டப்பட்டு, விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. எரிப்பு ஓரளவு குறைந்திருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. எட்டில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்ற கூற்றைத்தான் நம்புவதற்கில்லை. எண்ணிக்கையே தண்டனைக்கு ஆதாரமாகும்போது எண்ணப்படுபவர் நேரத்தை மாற்றிக்கொள்வார் என்பது சமூக அறிவியலில் முதலாண்டு மாணவரும் அறிந்த செய்தி.

காற்றைப் பற்றிய பேச்சில் இன்னொரு பாரபட்சமும் ஒளிந்திருக்கிறது. வடமேற்கிலிருந்து பலத்த காற்று வரும் என்ற முன்னறிவிப்பு தலைநகரில் நற்செய்தியாக வெளியாகிறது. காற்று வீசும், குறியீடு இறங்கும், கட்டுப்பாடுகள் தளரும். தில்லியைக் கழுவிய அந்தக் காற்று எங்கே போகிறது? கங்கைச் சமவெளி கிழக்கு நோக்கிச் சரிந்த நீண்ட தாழ்வாரம். வடக்கே இமயமலை சுவராக நிற்கிறது. அதே காற்று கான்பூருக்கும் லக்னோவுக்கும் பாட்னாவுக்கும் புகையைக் கொண்டுசெல்கிறது. அந்நகரங்களின் மூச்சு தில்லியின் ‘நிவாரணம்’ என்ற சொல்லுக்குள் கணக்கில் வருவதில்லை.

முன்னறிவிப்பைக் கையில் வைத்திருப்பவர்களும் அதைப் பயன்படுத்துவதில்லை. 2022-இல் திருத்தப்பட்ட படிநிலைச் செயல்திட்டத்தின்படி, குறியீடு குறிப்பிட்ட அளவைத் தொடும் என்று கணிக்கப்பட்டால் குறைந்தது மூன்று நாள்களுக்கு முன்பே கட்டுப்பாடுகள் தொடங்க வேண்டும். 2024 நவம்பரில் அளவு கடந்த பிறகே நான்காம் படி நடப்புக்கு வந்தது. தாமதம் ஏன் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அத்திட்டமும் தேசியத் தலைநகர்ப் பகுதிக்கானது. தீ எரியும் பஞ்சாப் அதன் எல்லைக்குள் இல்லை. உழவருக்கு வந்து சேர்ந்தது வேறொன்று: நிலத்தின் அளவைப் பொறுத்து 5,000 முதல் 30,000 ரூபாய்வரை இருமடங்காக்கப்பட்ட அபராதம். நகரத்துக்கு முன்னறிவிப்பு, கிராமத்துக்குத் தண்டச்சீட்டு.

தில்லியின் நஞ்சில் பெரும்பகுதி அதன் சொந்த வாகனங்களிலிருந்தும் தூசியிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வருகிறது, உழவரை மட்டும் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தாள் எரிப்பின் பங்கு சில நாள்களில் மட்டுமே மூன்றில் ஒன்றை எட்டுகிறது; அப்பருவம் முடிந்த பின்னும் நகரம் மூச்சுத் திணறுகிறது. வாகனப் புகையைக் கட்டுப்படுத்தாமல் வயலை மட்டும் துரத்துவது நேர்மையற்றது. தீயின் முன்கணிப்பு காவல்துறையின் கைக்குப் போனால் உழவரை வேட்டையாடும் கருவியாகும் என்ற அச்சமும் அடிப்படையற்றதன்று. ஆகவேதான் முன்கணிப்பு யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

தாளை அகற்றாமலே கோதுமை விதைக்கும் இயந்திரங்களுக்கு 2018 முதல் ஒன்றிய அரசு தனி உழவருக்கு 50 விழுக்காடும் கூட்டுறவுகளுக்கு 80 விழுக்காடும் மானியம் தருகிறது. இயந்திரம் இருப்பது மட்டும் போதாது. உரிய வாரத்தில் உரிய ஊரில் அது இருக்க வேண்டும். எல்லா வயலும் ஒரே பதினைந்து நாள்களில் அதைக் கேட்கும்போது, சிறு உழவரின் முறை வருவதற்குள் விதைப்புக் காலம் போய்விடும். எந்த வட்டாரத்தில் எந்த வாரம் அறுவடை முடிகிறது, அந்த வாரம் காற்று எப்படியிருக்கும் என்ற இரண்டையும் இணைத்துச் சொல்லும் அறிக்கை கூட்டுறவுச் சங்கத்தின் மேசைக்குப் பத்து நாள்கள் முன்னதாக வந்தால், இயந்திரத்தை எங்கே அனுப்புவது என்று அதைக்கொண்டு தீர்மானிக்கலாம்.

வானிலையியலாளரும் வேளாண் அறிஞரும் ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தும், ஒருவர் தரவை ஒருவர் கேட்காமல் தனித்தனிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருக்கும்வரை அந்த அறிக்கை பிறக்காது. அதுவரை ஒவ்வொரு நவம்பரிலும் காற்றின் வேகம் குறைந்ததாகவே எழுதப்படும். பஞ்சாபில் நடவு ஜூனில் தொடங்கிவிடுகிறது. தீ வருவதற்கு இடையில் நான்கு மாதங்கள் இருக்கின்றன.